பழைய காருக்குப் பெட்ரோலில் ஆயில் கலக்கலாமா?

பிரஷ் கட்டருக்கு லிட்டருக்கு 25 மில்லி டூ-டி ஆயில் கலந்து ஊற்றிப் பழகிய கை நமக்கு. பவர் ஸ்பிரேயருக்கும் ஏறக்குறைய அதே கணக்குதான். ஆயில் கலக்காமல் வெறும் பெட்ரோல் ஊற்றினால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும் என்பது தோட்டத்து வேலைக்கு வரும் பையனுக்கே தெரியும். அதனால்தான் வீட்டில் பழைய அம்பாசடரோ, பியட்டோ, ஸ்டாண்டர்டு ஹெரால்டோ வைத்திருக்கும் உழவர்கள், "இதுக்கும் கொஞ்சம் ஆயில் ஊத்துனா இன்ஜினுக்கு நல்லதுதானுங்களே?" என்று கேட்கிறார்கள். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்று, கோபிப் பக்கம் மஞ்சளும் வாழையும் போட்டுக்கொண்டிருக்கிற என்னிடம் 1968-ஆம் வருடத்து அம்பாசடர் மார்க் 2 ஒன்று இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதனால் இந்தக் கேள்வி என் வாசலுக்கு அடிக்கடி வரும்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெட்ரோல் டாங்கில் ஆயில் ஊற்றுவது பெரும்பாலும் வீண் செலவு, சில சமயம் கெடுதல். பழைய காருக்கு இருக்கிற சிக்கல் நிஜமானதுதான். ஆனால் அது ஒன்றல்ல, இரண்டு. இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. அந்த மருந்து ஆயில் பாட்டிலில் இல்லை.

முதலில் பிரஷ் கட்டர் கணக்கைத் தீர்த்துவிடுவோம். அது டூ ஸ்ட்ரோக் இன்ஜின். அதற்கு அடியில் ஆயில் சட்டி கிடையாது. பெட்ரோலும் காற்றும் கலந்த கலவையே கிராங்க் அறை வழியாகப் போய்த்தான் மேலே சிலிண்டருக்குள் நுழைகிறது. பேரிங்குக்கும் பிஸ்டனுக்கும் ஆயில் கிடைக்க வேறு வழியே இல்லாததால் பெட்ரோலிலேயே கலந்து அனுப்புகிறோம். கார் இன்ஜின் ஃபோர் ஸ்ட்ரோக். அதற்கு அடியில் தனிச் சட்டி, தனி பம்பு, தனி ஃபில்டர் எல்லாம் உண்டு. மேலே ராக்கர் வரைக்கும் ஆயில் ஏறிப்போகிறது. போதாததற்கு, ஐம்பது வருடம் ஓடிய அம்பாசடரில் வால்வு கைடு தேய்ந்து அதன் வழியாகவும், ரிங் தேய்ந்து அதன் வழியாகவும் ஆயில் தானாகவே எரியும் அறைக்குள் வந்துகொண்டுதான் இருக்கும். "சார், உங்க வண்டி பெட்ரோலோட ஆயிலும் சேர்த்துக் குடிக்குது" என்று மெக்கானிக் சொல்வது இதைத்தான். ஏற்கெனவே குடித்துக்கொண்டிருக்கிற வண்டிக்கு நாம் வேறு ஊற்றிக் கொடுக்க வேண்டுமா?

அப்படியானால் இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது? 1920களில், ஆயில் தரமும் ஃபில்டர் வசதியும் சரியில்லாத காலத்தில், சிலிண்டரின் மேல்பகுதிக்கு ஆயில் எட்டுவதில்லை என்ற குறை உண்மையாகவே இருந்தது. அதற்காகப் பெட்ரோலில் கலக்கும் மெல்லிய ஆயில்கள் விற்பனைக்கு வந்தன. அமெரிக்காவில் மார்வெல் மிஸ்டரி ஆயில் 1923-ல் வந்தது. இன்னும் விற்கிறார்கள். அந்தக் காலத்து இன்ஜினுக்கு அது ஓரளவு பொருத்தம். நம் ஊரில் பரவியதற்குக் காரணம் வேறு. அது ஈயம் நீங்கிய கதை.

பெட்ரோலில் ஈயம் கலந்திருந்த காலத்தை நம்மில் பலரும் பார்த்திருக்கிறோம், ஆனால் ஏன் கலந்தார்கள் என்று கேட்டதில்லை. இன்ஜினுக்குள் பெட்ரோல் ஒழுங்காகப் பற்றாமல் திடீரென்று வெடித்தால் 'டக் டக்' என்று சுத்தியல் அடிப்பது போலக் கேட்கும். மேட்டில் மூன்றாவது கியரில் ஏற்றும்போது கேட்டிருப்பீர்கள், நாக்கிங் என்பார்கள். டெட்ரா எத்தில் ஈயம் என்ற பொருளைச் சிறிதளவு கலந்தால் இது அடங்கும் என்று அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியில் வேலை பார்த்த தாமஸ் மிட்ஜ்லி 1921-ல் கண்டார். 1923-ல் விற்பனைக்கே வந்துவிட்டது. (ஓசோன் படலத்தை ஓட்டை போட்ட குளிர்பதன வாயுவைக் கொண்டுவந்ததிலும் இதே ஆளுக்குப் பங்கு உண்டு. ஒரு மனுஷனுக்கு இது போதாதா!)

ஈயம் தனியாக வரவில்லை. எரிந்த ஈயம் உள்ளேயே தங்கிப் பிளக்கை அடைத்துவிடாமல் புகையோடு வெளியே இழுத்துப்போக எத்திலீன் டைபுரோமைடு என்ற இன்னொன்றையும் சேர்த்தார்கள். பெயரைக் கேட்ட மாதிரி இருக்கிறதா? இ.டி.பி. ஆம்பூல் என்று ஒரு காலத்தில் தானியக் குதிருக்குள் வண்டுக்கு உடைத்துப் போடச் சொல்லிக் கொடுத்தார்களே, அதே சரக்கு. நாம் சாப்பிடும் தானியத்துக்கும் காருக்கும் ஒரே மருந்து. பூச்சிமருந்தாக அதைப் பயன்படுத்துவது பின்னால் நம் நாட்டிலும் தடை செய்யப்பட்டது.

ஈயப் புகை குழந்தைகளின் மூளையைப் பாதிக்கிறது என்பது உறுதியானதும் ஒவ்வொரு நாடாக நிறுத்தத் தொடங்கின. இந்தியாவில் 1995 ஏப்ரலில் சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் ஈயமில்லாத பெட்ரோல் வந்தது. 2000 பிப்ரவரி முதல் நாடு முழுவதும் ஈயம் கலந்த பெட்ரோல் நின்றது. உலகத்திலேயே கடைசியாக நிறுத்திய நாடு அல்ஜீரியா, 2021-ல். இது நல்ல காரியம், அதில் எனக்கு இரண்டு பேச்சு இல்லை.

ஆனால் ஈயம் போகும்போது, அது சத்தமில்லாமல் செய்துகொண்டிருந்த இன்னொரு வேலையும் நின்றுபோனது. அம்பாசடர் இன்ஜின் இங்கிலாந்தின் பி.எம்.சி. கம்பெனி வடிவமைத்த பி-சீரீஸ், 1489 சி.சி. அதன் ஹெட் முழுக்க வார்ப்பிரும்பு. வால்வு வந்து உட்காரும் சீட் தனி வளையம் கிடையாது. அந்த வார்ப்பிரும்பிலேயே கடைந்து விட்டிருப்பார்கள். எக்ஸாஸ்ட் வால்வு பழுக்கக் காய்ந்த நிலையில் அந்தச் சீட்டில் நிமிடத்துக்கு ஆயிரம் தடவைக்கு மேல் அடித்து உட்காருகிறது. அந்தச் சூட்டில் இரும்பும் இரும்பும் கண்ணுக்குத் தெரியாத அளவில் ஒட்டிக்கொள்ளும். வால்வு எழும்போது துளித்துளியாகப் பிய்ந்து வரும். பிய்ந்த துகள் துருவாகி உப்புத்தாள் மாதிரி மேலும் அறுக்கும். எரிந்த ஈயத்தின் சாம்பல் இரண்டுக்கும் நடுவில் மெல்லிய பூச்சாகப் படிந்து இந்த ஒட்டலைத் தடுத்துவந்தது. பூச்சு நின்றதும் சீட் மெல்ல மெல்ல உள்ளே இறங்க ஆரம்பிக்கிறது.

அதை வெளியிலிருந்து எப்படிக் கண்டுபிடிப்பது? டேப்பட் இடைவெளியை வைத்துத்தான். சீட் இறங்கினால் வால்வு மேலே ஏறும், ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவில் உள்ள இடைவெளி சுருங்கும். தேய்மானத்தால் சாதாரணமாக டேப்பட் லூஸாகிச் சத்தம் போடும். இங்கே நேர்மாறாக, சத்தம் குறைந்துகொண்டே வரும். "வண்டி இப்பல்லாம் சத்தமே இல்லாம ஓடுது" என்று யாராவது சந்தோஷப்பட்டால் நான் ஃபீலர் கேஜை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். இடைவெளி முழுதாகப் போய்விட்டால் வால்வு மூடாது. மூடாத வால்வு வழியாக நெருப்பு பீறிக்கொண்டு போய், வால்வின் ஓரத்தைப் பல் பல்லாகத் தின்றுவிடும்.

என் காரில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். வண்டி என் மாமனாருடையது. ஈயம் நின்ற வருடத்திலிருந்து அவருடைய டிரைவர், அப்போது எல்லா மெக்கானிக்கும் சொன்னபடி, பெட்ரோல் போடும்போதெல்லாம் மறக்காமல் லிட்டருக்கு ஐந்து மில்லி கணக்கில் டூ-டி ஆயில் ஊற்றி வந்தார். சத்தியவான், ஒரு நாள் தவறியதில்லை. மாமனார் காலத்துக்குப் பிறகு வண்டி என்னிடம் வந்தது. லெட்ஜர் எழுதிப் பழகிய ஆள் என்பதால் ஒரு நோட்டுப் போட்டேன். ஒவ்வொரு 1,500 கிலோமீட்டருக்கும் எட்டு டேப்பட்டையும் அளந்து எழுதுவது. டிரைவர் தன் வழக்கப்படி ஆயில் ஊற்றிக்கொண்டேதான் இருந்தார். நான்கு பக்கம் எழுதியதுமே தெரிந்துவிட்டது. இன்லெட் வால்வு நான்கும் அசையவில்லை. எக்ஸாஸ்டில் ஒன்றும் நான்கும் கொஞ்சம், இரண்டும் மூன்றும் தெளிவாகச் சுருங்கிக்கொண்டே வந்தன. இந்த இன்ஜினில் இரண்டாவது, மூன்றாவது சிலிண்டருக்கு எக்ஸாஸ்ட் வழி ஒன்றே. ரெண்டு வீட்டுச் சூடும் ஒரே புகைபோக்கியில் போகிறது, அந்த இடம்தான் அதிகம் காயும். கணக்கு சரியாகப் பொருந்தியது.

ஹெட்டைக் கழற்றினோம். நடுவில் உள்ள இரண்டு எக்ஸாஸ்ட் சீட்டும் கிணற்றுக்குள் இறங்கியது போல இருந்தன. பிஸ்டன் தலையிலும் எரியும் அறையிலும் தோசைக்கல் அடியில் படியும் கரி போல ஒரு படை. இத்தனை வருடம் ஊற்றிய ஆயில் சீட்டைக் காப்பாற்றவில்லை, கரியை மட்டும் சேர்த்து வைத்திருந்தது. மெக்கானிக் சுரண்டிக்கொண்டே, "மேனேஜருங்க, ஆயில் ஊத்துனா வால்வு குளுகுளுன்னு இருக்கும்னு நானும்தான் சொல்லிட்டிருந்தேன்" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஆயில் என்றால் வழுக்கும், வழுக்கினால் தேயாது என்பது நியாயமாகத் தோன்றும் யோசனைதான். ஆனால் எக்ஸாஸ்ட் வால்வு இருக்கும் சூட்டில் ஆயில் ஆயிலாக இருப்பதில்லை. எரிந்து போய்விடுகிறது. ஈயம் காத்தது ஈயத்தின் வழுக்கலால் அல்ல, எரிந்த பிறகும் அங்கே தங்கிய சாம்பலால்.

ஒரு வண்டியை வைத்து முடிவு கட்டலாமா என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். பி-சீரீஸ் பிறந்த இங்கிலாந்தில் ஈயப் பெட்ரோல் நிற்கப்போகிறது என்றதும், பழைய வாகனச் சங்கங்களின் கூட்டமைப்பு 1990களின் கடைசியில் இதற்காகவே சோதனை நடத்தியது. இதே கம்பெனியின் தம்பி இன்ஜினான ஏ-சீரீஸை மேடையில் பூட்டி, முழு வேகத்தில் மணிக்கணக்காக ஓட்டி, சீட் எவ்வளவு இறங்குகிறது என்று அளந்தார்கள். தேறிய மருந்துகள் பொட்டாசியம், சோடியம், பாஸ்பரஸ், மாங்கனீசு ஆகியவற்றில் ஏதாவது ஒன்றை அடிப்படையாகக் கொண்டவை. எல்லாம் எரிந்த பின் ஏதோ ஒரு படிவை விட்டுப்போகும் சரக்குகள். வெறும் ஆயில் அந்த வரிசையில் இல்லை. ஆகவே கடையில் பாட்டில் வாங்குகிறவர்கள் லேபிளைப் படியுங்கள். 'அப்பர் சிலிண்டர் லூப்ரிகன்ட்' என்று மட்டும் இருந்தால் அது ஆயில். 'லெட் சப்ஸ்டிட்யூட்' என்றால்தான் மேலே சொன்ன இனம். அதிலும் ஒரு இனத்தோடு இன்னொரு இனத்தைக் கலக்கக் கூடாது.

பயிர் மஞ்சளாக இருக்கிறது என்று உரக்கடையில் போய்ச் சொன்னால் உடனே ஒரு டானிக் பாட்டில் எடுத்து வைப்பார்கள் இல்லையா? தழைச்சத்துக் குறைவா, தண்ணீர் தேங்கி வேர் மூச்சு முட்டுகிறதா, இரும்புச்சத்துக் குறைவா என்று ஒருவரும் வயலுக்குள் இறங்கிப் பார்ப்பதில்லை. ஆயில் பாட்டிலும் அந்த ஜாதிதான்.

நிரந்தர மருந்து லேத்துப் பட்டறையில் இருக்கிறது. எக்ஸாஸ்ட் சீட் நான்கையும் கடைந்தெடுத்துவிட்டு, கெட்டிப்படுத்திய உலோக வளையங்களை இறுக்கமாக அடித்துப் பொருத்தி, அதன்மேல் புது சீட் வெட்ட வேண்டும். புது எக்ஸாஸ்ட் வால்வும் கைடும் சேர்த்தே மாற்றிவிடுவது நல்லது. இன்லெட்டுக்கு வேண்டியதில்லை, உள்ளே வரும் குளிர்ந்த கலவை அதைக் காப்பாற்றிக்கொள்ளும். கடைவதற்கு முன்பே ஹெட்டில் விரிசல் இருக்கிறதா என்று சோதிக்கச் சொல்லுங்கள். பழைய பி-சீரீஸ் ஹெட் நடுவில் விரியும் வழக்கம் உள்ளது. விரிந்த ஹெட்டில் வளையம் அடித்தால் வேலையும் போச்சு, காசும் போச்சு. கோவையிலும் ஈரோட்டிலும் இந்த வேலையைக் கண்ணை மூடிக்கொண்டு செய்யக்கூடிய பட்டறைகள் இருக்கின்றன. எனக்கு ஆன செலவு, பல வருடத்து ஆயில் செலவோடு ஒப்பிட்டால் பெரிதாகத் தோன்றவில்லை. வளையம் வைத்த பிறகு என் நோட்டில் எக்ஸாஸ்ட் எண்கள் நகரவே இல்லை.

எல்லோரும் நாளைக்கே ஹெட்டைக் கழற்ற வேண்டுமா? வேண்டாம். சீட் இறங்குவது வேகத்தையும் பாரத்தையும் பொறுத்தது. நாற்கரச் சாலையில் மணிக்கணக்காக எண்பதுக்கு மேல் விரட்டுகிறவருக்குச் சீக்கிரம் இறங்கும். சந்தைக்கும் கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் நாற்பது ஐம்பதில் போய்வருகிறவருக்குப் பல வருடம் தாங்கும். அவர்கள் டேப்பட்டை அளந்து எழுதிக்கொண்டு, வேறு எதற்காவது ஹெட் இறங்கும்போது வளையத்தையும் சேர்த்துப் போட்டுக்கொண்டால் போதும். பியட் 1100, பிரீமியர் பத்மினிக்காரர்களுக்கு இந்தக் கவலை குறைவு. அதன் ஹெட் அலுமினியம். அலுமினியத்தில் நேராக வால்வை உட்கார வைக்க முடியாது என்பதால் கம்பெனியிலேயே வளையம் வைத்துத்தான் வரும்.

இப்போது நம் பத்திரிகை வாசகர்கள் கேட்கும் இன்னொரு கேள்வி. "கம்பெனி ஆயில்தானே கெடுதல்? நம்ம செக்கு எண்ணெய் ஊத்தலாமா?" மஞ்சள் காட்டு ஓரத்தில் ஆமணக்கு வைத்திருக்கிறவர்கள் விளக்கெண்ணெயைப் பற்றிக் கேட்கிறார்கள். விளக்கெண்ணெய்க்கு இன்ஜின் உலகத்தில் பெரிய பேர் உண்டு, பொய்யில்லை. காஸ்ட்ரால் என்ற பேரே காஸ்டர் ஆயில் என்பதிலிருந்து 1909-ல் வந்ததுதான். முதல் உலகப் போரில் பறந்த சுழல் இன்ஜின் விமானங்களில் விளக்கெண்ணெய்தான் ஊற்றினார்கள். காரணம் சுவாரசியமானது. அந்த இன்ஜினில் பெட்ரோல் கலவை கிராங்க் அறை வழியாகப் போகும். மற்ற ஆயிலைப் பெட்ரோல் கழுவிக்கொண்டு போய்விடும். விளக்கெண்ணெயோ சாராயத்தில் நன்றாகக் கரையும், பெட்ரோலில் லேசில் கரையாது. அதனால் ஒட்டிக்கொண்டு நின்றது. எது அங்கே அதன் குணமோ, அதுவே நம் டாங்கில் அதன் குற்றம். சரியாகக் கரையாமல் அடியில் தங்கி ஜெட்டை அடைக்கும்.

கடலை எண்ணெய், தேங்காய் எண்ணெய், புங்க எண்ணெய் எல்லாம் பெட்ரோலில் கலக்கத்தான் கலக்கும். ஆனால் குத்துவிளக்கில் திரி ஓரமாக ஒரு பிசுக்கு கட்டியிருக்குமே, புளி போட்டுத் தேய்த்தாலும் போகாதே, அதுதான் வால்வுத் தண்டிலும் பிஸ்டன் ரிங் காடியிலும் கட்டும். சூட்டில் எண்ணெய் பிசினாக மாறுவது இயற்கை. நம் எண்ணெய் என்பதால் இன்ஜின் சலுகை காட்டாது. எண்ணெயை வாணலியிலேயே வையுங்கள்.

பெட்ரோலில் எந்த ஆயில் கலந்தாலும் இன்னொன்று நடக்கும், ஆக்டேன் இறங்கும். நாக்கிங்கைத் தாங்கும் திறனைத்தான் ஆக்டேன் என்கிறோம். ஆயிலுக்கு அந்தத் திறன் மிகக் குறைவு. அம்பாசடர் போன்ற குறைந்த கம்ப்ரஷன் வண்டியில் கொஞ்சம் ஆயிலால் உடனே தெரியாது. ஆனால் ஆயில் சேர்த்த கரி உள்ளே கனன்றுகொண்டே இருந்து, பிளக் பொறி விடும் முன்பே கலவையைப் பற்றவைக்கும். சாவியைத் திருகி அணைத்த பிறகும் வண்டி 'குபுக் குபுக்' என்று தொடர்ந்து ஓடுகிறதென்றால் அதுதான். சட்டி ஆயிலில் மிஞ்சியதை டாங்கில் ஊற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். அதில் துத்தநாகம், கால்சியம் கலந்த மருந்துகள் இருக்கின்றன, எரிந்தால் சாம்பல் அதிகம். அது ஈயம் செய்த வேலையைச் செய்யும் சாம்பலும் அல்ல. அதை ஊற்றவே கூடாது.

இரண்டாவது சிக்கலுக்கு வருகிறேன். என்னைக் கேட்டால் இன்றைக்கு இதுதான் பெரியது. எத்தனால். கரும்பிலிருந்தும் மக்காச்சோளத்திலிருந்தும் அரிசியிலிருந்தும் எடுத்து 20 சதம் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் அறிமுகமாகி, இப்போது எங்கு போனாலும் அதுதான் கிடைக்கிறது. கரும்பு போடும் ஊரில் உட்கார்ந்துகொண்டு எத்தனாலே வேண்டாம் என்று நான் எழுத முடியாது. ஆனால் 1968-ல் செய்த வண்டிக்கு இதைப் பற்றித் தெரியாது. அதற்கு நாம்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

எத்தனால் பழைய ரப்பரை ஊறவைத்து வெடிக்க வைக்கும். தக்கை கேஸ்கெட் ஊறும், காய்ந்தால் சுருங்கி ஒழுகும். பெட்ரோல் பம்பின் டயஃப்ரம், கார்புரேட்டர் சீல், டாங்க் முதல் பம்பு வரை உள்ள குழாய்கள் எல்லாம் இதில் அடக்கம். பழைய டாங்குகளின் உள்பக்கத்து ஈயப் பூச்சையும் அது அரிக்கும். அம்பாசடரில் கார்புரேட்டருக்கு நேர் கீழே எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு இருக்கிறது. மேலே சொட்டினால் கீழே பழுக்கக் காய்ந்த இரும்பு. வால்வு கெட்டால் காசு போகும். குழாய் வெடித்தால் வண்டியே தீயில் போகும், உள்ளே இருப்பவர்களும் ஆபத்தில். "ஆயில் கலந்தால் ரப்பர் கெடாது" என்று சொல்லி விற்கிறார்கள். இருபது சதம் சாராயத்தில் ஊறும் ரப்பரை அரை சதம் ஆயில் எப்படிக் காப்பாற்றும்? மொத்தக் குழாயையும் எத்தனால் தாங்கும் ரகத்தில் மாற்றுவதுதான் வழி. குழாயின்மேல் எஸ்.ஏ.இ. ஜே30ஆர்9 என்று அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். கடைக்காரர் "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்றால் வேறு கடைக்குப் போங்கள். ஐந்நூறு ரூபாய்க்குள் மிச்சம் பிடிக்கிற இடம் இதுவல்ல.

அடுத்து, கலவை வற்றிப்போவது. ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். புது வண்டியில் கம்ப்யூட்டர் இதைத் தானே சரி செய்துகொள்ளும். கார்புரேட்டர் பழைய அளவிலேயே ஊற்றிக்கொண்டிருக்கும். அதனால் பெட்ரோல் குறைந்து காற்று கூடிய கலவையாகி, இன்ஜின் காய்ந்து ஓடும். காலையில் ஸ்டார்ட் ஆக மறுக்கும், ஆக்சிலேட்டர் மிதித்தால் தயங்கும். காய்ந்து ஓடும் இன்ஜினில் எக்ஸாஸ்ட் வால்வு இன்னும் அதிகம் சூடாகும். முன்னே சொன்ன சீட் இறங்கும் நோய் இதனால் இன்னும் வேகம் எடுக்கும். இதற்கு மருந்து ஒரு ஸ்க்ரூ டிரைவரும் பொறுமையும்தான். ஜெட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவிட்டு, பத்துக் கிலோமீட்டர் ஓட்டி, பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். மூக்கு வெள்ளைவெளேரென்று இருந்தால் இன்னும் காய்கிறது. காபிப்பொடி நிறம் வந்தால் சரி. ஆயில் ஊற்றுகிறவர்களுக்கு இந்த அடையாளமே கிடைக்காது. எல்லாப் பிளக்கும் கறுத்துப்போய் உண்மையை மறைத்துவிடும்.

மைலேஜ் குறைகிறதே என்று ஆயில் ஊற்றுகிறவர்களுக்கு ஒரு கணக்கு. ஒரு லிட்டர் எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. இருபது சதம் கலந்தால் ஏறக்குறைய 6 முதல் 7 சதம் குறைய வேண்டும். நிதி ஆயோக் 2021-ல் வெளியிட்ட அறிக்கையும் பழைய வடிவமைப்புள்ள நான்கு சக்கர வண்டிகளுக்கு இதே அளவைத்தான் சொல்கிறது. லிட்டருக்கு பத்துக் கிலோமீட்டர் கொடுத்த வண்டி ஒன்பதரைக்குப் பக்கம் கொடுத்தால் வண்டியில் கோளாறு இல்லை. ஏழு கொடுத்தால் கோளாறு, தேடுங்கள்.

எவ்வளவு எத்தனால் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டால், அளவுக்கோடு போட்ட கண்ணாடிக் குடுவையில் 10 மில்லி தண்ணீர் ஊற்றி, மேலே 100 மில்லி பெட்ரோல் ஊற்றி, மூடிக் குலுக்கிப் பத்து நிமிடம் வையுங்கள். எத்தனால் பெட்ரோலை விட்டுவிட்டுத் தண்ணீரோடு சேர்ந்து அடிக்குப் போகும். பத்தில் நின்ற தண்ணீர் முப்பதுக்குப் பக்கம் ஏறியிருந்தால் இருபது சதம். திறந்த வெளியில் செய்யுங்கள், அடுப்பும் பீடியும் பக்கத்தில் வேண்டாம். இதைப் பார்த்தவுடன் இன்னொன்றும் புரியும். டாங்குக்குள் போதிய தண்ணீர் சேர்ந்தால் அங்கேயும் இதேதான் நடக்கும். அடியில் சாராயத் தண்ணீர், மேலே பெட்ரோல். பம்பு அடியிலிருந்துதான் உறிஞ்சும். ஒரு முறை பிரிந்தால் எந்த ஆயிலும் ஒட்டவைக்காது, இறக்கி எடுத்துவிட வேண்டியதுதான். மாதக்கணக்கில் நிற்கும் வண்டியில் பழைய பெட்ரோல் வைக்காதீர்கள் என்று சொல்வது இதனால்தான்.

டீசல் அம்பாசடர் வைத்திருப்பவர்களுக்கு இரண்டு வரி. 2020 ஏப்ரல் முதல் வரும் டீசலில் கந்தகம் மிகக் குறைவு, கந்தகத்தை எடுக்கும்போது டீசலின் இயற்கையான வழுவழுப்பும் போய்விடும், உண்மைதான். ஆனால் அதைச் சுத்திகரிப்பு ஆலையிலேயே வேறு மருந்து கலந்து ஈடுகட்டித்தான் அனுப்புகிறார்கள். டூ-டி ஆயில் தேவையில்லை. நேராகப் புங்க எண்ணெய் ஊற்றலாமா என்றால், 1900-ல் பாரிஸ் கண்காட்சியில் டீசல் இன்ஜின் ஒன்றைக் கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டியது சரித்திரம். ஆனால் எண்ணெய் டீசலைவிடப் பல மடங்கு கெட்டி, நாசில் கரி கட்டும். எஸ்டராக மாற்றிய பயோடீசல் வேறு விஷயம், அது தனிக் கட்டுரை.

ஆயிலுக்கு ஒரே ஒரு இடத்தில் நான் ஓட்டுப் போடுவேன். வண்டியை ஐப்பசி, கார்த்திகை மழைக்கு ஷெட்டில் நிறுத்திவைக்கும்போது. டாங்கையும் கார்புரேட்டர் கிண்ணத்தையும் காலி செய்துவிட்டு, நான்கு பிளக்கையும் கழற்றுங்கள். ஒவ்வொரு துளையிலும் ஒரு தேக்கரண்டி புது இன்ஜின் ஆயில் விட்டு, ஹேண்டில் போட்டுக் கையால் நாலைந்து சுற்றுச் சுற்றுங்கள். சிலிண்டர் சுவரில் துரு ஏறாது, ரிங் பிடித்துக்கொள்ளாது. பிளக்கைத் திரும்பப் போட்டு, எக்ஸாஸ்ட் பைப் வாயில் துணிப்பந்து அடைத்துவிடுங்கள், எலி கூடு கட்டும். தை மாதம் எடுக்கும்போது பிளக் இல்லாமலேயே முதலில் ஹேண்டிலால் சுற்றி மிச்ச ஆயிலை வெளியே தள்ளிவிட்டு, துளைகளைத் துணியால் துடைத்துப் பிளக்கை மாட்டுங்கள். துணிப்பந்தை எடுக்க மறக்க வேண்டாம். முதல் ஐந்து நிமிடம் வீடு முழுக்கப் புகையாகத்தான் இருக்கும். துவைத்துக் காயப்போட்ட துணியை முன்னாடியே எடுத்துவிடச் சொல்லுங்கள்.